காலர் மைக் கிளிப் உடைஞ்சா மைக்கை தூக்கிப் போடாதீங்க

போன இதழ்ல காலர் மைக், அதாவது சட்டையில மாட்டிக்கிற குட்டி மைக் பத்தி ஒரு கேள்விக்கு பதில் சொல்லும்போது, கிளிப்பை பத்திரமா வச்சுக்கோங்கன்னு ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாசம் அதிகமா கேள்வி வந்திருக்கு. அதனால இந்த தடவை முழுக்க கிளிப் சமாச்சாரம்தான்.

கேள்வி: வணக்கம் சார். நான் பத்தாங்கிளாஸ் பசங்களுக்கு ஆன்லைன்ல கணக்கு டியூஷன் எடுக்குறேன். ரெண்டு வருஷமா போயா எம்1 காலர் மைக்தான். சவுண்டு இன்னைக்கும் நல்லா இருக்கு, ஆனா கிளிப்போட ஸ்பிரிங் தெறிச்சு எங்கயோ போயிடுச்சு. எங்க ஊர் மொபைல் கடையில கேட்டா, கிளிப் தனியா வராது மேடம், புது மைக்கே எடுத்துக்கோங்கங்கறாங்க. நல்லா இருக்குற மைக்கை தூக்கிப் போட மனசு வரல. கிளிப் மட்டும் எங்க கிடைக்கும்?
— ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: கிளிப் தனியா வருது டீச்சர், கண்டிப்பா வருது. கடைக்காரர் பொய் சொல்லல, அவர்கிட்ட ஸ்டாக் இல்ல, அவ்வளவுதான். மொபைல் கடையில மைக் டப்பாவைத்தான் விப்பாங்க, உதிரி கிளிப்பை யாரு கேக்கப் போறாங்கன்னு எடுத்து வைக்க மாட்டாங்க.

ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. அதை செய்யாம ஆர்டர் போட்டுட்டு, சார் கிளிப் வந்துச்சு ஆனா மைக் உள்ள போகல, இல்லன்னா போட்டா நிக்காம கீழ விழுதுன்னு எனக்கு எழுதுறவங்க நிறைய பேர். மைக்கோட தடிமனை அளக்கணும். வெர்னியர் காலிப்பர் இருந்தா நல்லது, இல்லன்னாலும் பரவாயில்ல. ஒரு பேப்பரை மெல்லிசா ரிப்பன் மாதிரி வெட்டுங்க, மைக் மேல இருக்குற பஞ்சை கழட்டிட்டு, மைக்கோட உடம்பை சுத்தி ஒரே ஒரு சுத்து இறுக்கமா சுத்துங்க, பேப்பர் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற இடத்துல பேனாவால கோடு போடுங்க, பிரிச்சு ஸ்கேல்ல வச்சுப் பாருங்க. வந்த அளவை 3.14-ஆல வகுத்தா தடிமன். கணக்கு டீச்சருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்ல, மத்தவங்களும் படிப்பாங்கன்னு எழுதுறேன்.

உங்க போயா எம்1 தடிமன் 8.3 மில்லிமீட்டர், அதனால பேப்பர்ல 26 மில்லிமீட்டர் பக்கமா வரணும். டிவி ஸ்டுடியோவுல ரொம்ப காலமா ஓடுற சோனி இசிஎம்-77 வெறும் 5.6 மில்லிமீட்டர்தான். ரோட் கம்பெனி ஸ்மார்ட்லாவ் அதைவிட சின்னது, 4.5. பாக்க எல்லாம் ஒரே மாதிரி குட்டி மைக்தான், ஆனா சோனிக்கு செஞ்ச கிளிப்புல போயா உள்ள போகவே போகாது, போயா கிளிப்புல ரோட் மைக்கை வச்சா நிக்காது. 'யுனிவர்சல்'னு போட்டு விக்கிறதை நம்பாதீங்க, கிளிப்புல மைக்கைப் பிடிக்கிற வளையத்தோட உள் அளவு எத்தனை மில்லிமீட்டர்னு போட்டிருக்கான்னு பாருங்க, அது போடலன்னா அந்தப் பொருளை விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க.

அளவு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா சமாளிக்கலாம். வளையம் ஒரு பக்கம் திறந்து 'சி' எழுத்து மாதிரி இருந்தா கால் மில்லிமீட்டர் சின்னதா இருந்தாலும் விரிஞ்சு கொடுக்கும். பெருசா இருந்தா மைக் உடம்புல கரண்டு வேலைக்கு சுத்துற கறுப்பு டேப்பை ஒரு சுத்து சுத்துங்க, ஒரு சுத்துக்கு தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர் கூடும், ரெண்டு சுத்துன்னா அரை. ஒரு மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம்னா வேண்டாம், அத்தனை டேப் சுத்துனா வெயில்ல பசை இளகி மைக் வழுக்கிடும். டேப்பு சுத்தும்போது மைக்கோட வாய்ப்பக்கம், சில மைக்ல பக்கவாட்டுல இருக்குற சின்ன ஓட்டை, ரெண்டையும் மூடிடக்கூடாது. மூடுனா சவுண்டே மாறிப்போயிடும்.

ஆன்லைன்ல 'லாவலியர் மைக் கிளிப்'னு இங்கிலீஷ்ல டைப் பண்ணி தேடுங்க, 'டை கிளிப்'னும் தேடுங்க. நாம சொல்ற காலர் மைக்ங்கற பேர்ல தேடுனா முழு மைக்தான் வரிசையா வரும். பெரும்பாலும் 5, 10னு பாக்கெட்டாதான் விப்பாங்க, நான் கடைசியா வாங்குன 5 கிளிப் பாக்கெட் 200 ரூபாய்க்குள்ளதான் ஆச்சு, பஞ்சும் சேர்த்து வர்ற பாக்கெட்டா பாத்து எடுத்தேன், ஏன்னா கிளிப் தொலையுற இடத்துல பஞ்சும் தொலையும். சீனா சைட்ல இன்னும் மலிவுன்னு யூடியூப்ல சொல்றாங்களே, அதுல வாங்கலாமான்னு இன்னொருத்தர் கேட்டிருந்தார். அவங்க சொல்ற அலிஎக்ஸ்பிரஸ் ஆப்பை இந்தியாவுல 2020 நவம்பர்லயே தடை பண்ணிட்டாங்க, அதனால அந்தப் பக்கம் போகவேண்டாம்.

சென்னைக்கு யாராவது வந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கிட்டு வரச் சொல்லுங்க. மவுண்ட் ரோடு பக்கத்துல, சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டி இருக்குற அந்த நாலஞ்சு சந்துல மொபைல் கடை, லேப்டாப் கடைங்கள்ல கேக்காதீங்க, ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் விக்கிற கடையிலயும் உதிரி பார்ட்ஸ் கடையிலயும் கேளுங்க. போறவங்க கையில மைக்கையே கொடுத்து அனுப்புறதுதான் உத்தமம், அங்கயே போட்டுப் பாத்து வாங்கிடலாம்.

கிளிப் கைக்கு வந்ததும் மூணு விஷயம் பாருங்க. சுடிதார் ஷாலோட மடிப்புல மாட்டி லேசா இழுத்துப் பாருங்க, வழுக்கக்கூடாது. பல்லு ரொம்பக் கூரா இருந்தா நல்ல துணியில நூலை இழுத்துடும், புடவை கட்டுறவங்க இதை முக்கியமா பாக்கணும். அப்புறம் வளையம் சுத்துதான்னு பாருங்க. ஆம்பளை சட்டையும் பொம்பளை சட்டையும் எதிரெதிர் பக்கமா பட்டன் போடுறதால, சுத்தாத கிளிப் ஒரு பக்கத்துக்கு மைக்கை தலைகீழா காட்டும். இந்த மாதிரி மைக் பெரும்பாலும் எல்லாப் பக்கமும் கேக்குற மைக், தலைகீழா இருந்தாலும் வேலை செய்யும்தான், மூச்சுக்காத்து நேரா படாதுன்னு வேணும்னே அப்படி வைக்கிறவங்களும் உண்டு. ஆனா ஒரு பக்கம் மட்டும் கேக்குற மைக்குன்னா அது வாயைத்தான் பாத்து இருக்கணும், அப்ப சுத்துற வளையம் இல்லாம முடியாது.

கடைசியா ஒண்ணு. கிளிப் வர்ற வரைக்கும் செல்லோ டேப் ஒட்டி ஓட்டிடலாம்னு நினைக்காதீங்க. நான் அப்படி ஒரு மைக்கை இழந்திருக்கேன். ஒரு கல்யாண மண்டபத்துல நலங்கு ரெக்கார்டிங், கிளிப் இல்லாததால டேப்பை வச்சு ஒட்டி விட்டேன், பாட்டு பாடுன அம்மா எந்திரிக்கும்போது பின்னாடி இருந்த குழந்தை வயர் மேல கால வச்சுட்டான். டேப் பிய்ஞ்சு வந்துச்சு, மைக்கும் வந்துச்சு, ஹெட்போனை எடுத்து காதுல வச்சா ஒண்ணுமே கேக்கல. மைக்கோட அடியில வயர் உள்ள நுழையுற இடம் இருக்கே, அங்க உள்ள ரெண்டு முடி மாதிரி கம்பியை ஈயம் வச்சு ஒட்டியிருப்பாங்க, இழுத்தா முதல்ல போறது அதுதான். அதைக் காப்பாத்துறதுதான் கிளிப்போட பெரிய வேலை. மைக்குக்கு அடியில வயரை ஒரு சின்ன வளைவு வளைச்சு, திரும்ப மேல கொண்டு வந்து கிளிப்போட வாய்க்குள்ள துணியோட சேர்த்து கடிக்க வச்சுட்டு, மீதி வயரை துணிக்கு உள்பக்கமா விடுங்க. யாராவது இழுத்தா இழுவை கிளிப்புலயே நின்னுடும், அந்த ஈயம் வரைக்கும் போகாது. துணியில வயர் உரசுற சரசர சத்தமும் பாதியா குறையும். டிவில செய்தி வாசிக்கிறவங்க காலர்ல உத்துப் பாருங்க, அந்தக் குட்டி வளைவு தெரியும்.

கேள்வி: அண்ணே, நான் காரைக்குடி பக்கம் மைக்செட் வச்சிருக்கேன். பட்டிமன்றம், கதாகாலட்சேபம், பள்ளிக்கூட ஆண்டு விழா எல்லாத்துக்கும் போறேன். கையில ஏழு காலர் மைக் இருக்கு, அதுல நாலுக்கு கிளிப் இல்ல. ஒவ்வொரு விழாவுலயும் ஒண்ணு தொலையுது, பேசுறவங்க கழட்டி மேசையில வச்சுட்டு மைக்கை மட்டும் கொடுக்குறாங்க. ஒவ்வொண்ணுக்கும் கம்பெனி கிளிப் வாங்கி கட்டுப்படியாகல. நாமளே செஞ்சுக்க வழி இருக்கா?
— மைக்செட் உரிமையாளர், காரைக்குடி

பதில்: இருக்கு தம்பி, நல்லாவே நிக்கும். ஸ்டேஷனரி கடையில ஐடி கார்டு மாட்டுற இரும்பு கிளிப் இருக்குல்ல, பல்லு வச்சு, கீழ பட்டன் போட்ட பிளாஸ்டிக் வார் தொங்கும். அதுல ஒரு டஜன் வாங்குங்க, டீச்சருக்கு சொன்ன கிளிப் ஒண்ணு வாங்குற காசுல இது பல கிளிப் வந்துடும். வாரை வெட்டி எடுத்துட்டா கிளிப்போட வால்ல ஒரு சின்ன துவாரம் இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் பார்ட்ஸ் கடையில ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் வாங்குங்க, சூடு காட்டுனா சுருங்குற கறுப்புக் குழாய். சாதாரணமா கிடைக்கிறது பாதியா சுருங்கும், அதனால 8 மில்லிமீட்டர் மைக்குக்கு 12 மில்லிமீட்டர் ஸ்லீவ் சரி.

இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, கவனமா கேளு. ஸ்லீவை மைக் மேலயே மாட்டி லைட்டரைக் காட்டக்கூடாது. உள்ள இருக்குற மெல்லிய தகடு சூடு தாங்காது, அதுல நிரந்தரமா தங்கியிருக்குற மின்னூட்டம்தான் அந்த மைக்குக்கு உயிர், சூடு பட்டா அது இறங்கிடும், அப்புறம் மைக் வேலை செஞ்சாலும் சத்தம் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி வரும். அதனால மைக்கோட தடிமன்ல ஒரு டிரில் பிட் எடுத்துக்கோ, 8.3 மைக்குக்கு 8 மில்லிமீட்டர் பிட். பிட்டோட வழவழப்பான தண்டு பக்கத்துல ஸ்லீவை ஒண்ணரை சென்டிமீட்டர் துண்டா வெட்டி மாட்டு, மெல்லிசான கம்பியை கிளிப் வால் துவாரத்துல கோத்து ஸ்லீவ் மேல ரெண்டு சுத்து சுத்தி முறுக்கு, அதுக்கு மேல இன்னொரு துண்டு ஸ்லீவ் போட்டு ரெண்டையும் சேர்த்து சுருக்கு. ஆற விட்டு பிட்டை உருவி எடுத்தா கிளிப்போட சேர்ந்த ரப்பர் மோதிரம் ரெடி. மைக்கை அதுக்குள்ள திருகி நுழைச்சா இறுக்கமா உக்காரும், எந்த சூடும் மைக்குக்கு படல. முதல் ரெண்டு கோணல்மாணலா வரும், மூணாவதுல இருந்து கை பழகிடும்.

கம்பியோட முனையை உள்பக்கமா மடக்கி ஸ்லீவுக்குள்ள மறைச்சுடு, இல்லன்னா பேச்சாளர் சட்டையை கிழிக்கும். வேர்வை பட்டு இரும்பு கிளிப் ஒரு வருஷத்துல துரு பிடிக்கும், வெள்ளைச் சட்டையில கறை ஆகிடும், அதனால நிகழ்ச்சி முடிஞ்சதும் காஞ்ச துணியால துடைச்சு வை, துரு தெரிஞ்சா யோசிக்காம மாத்திடு.

தொலையுறதுக்கு என் வழி இது: கிளிப்பையும் மைக் வயரையும் ஒரு மெல்லிய நைலான் கயிறால கட்டிடு, ரெண்டு விரக்கடை நீளம் போதும். கிளிப் கழண்டாலும் வயரோடயே வந்துடும். இதை செஞ்சதுக்கப்புறம் நான் தொலைச்ச கிளிப் ரொம்பக் குறைவு.

அப்புறம், உன் ஏழுல பெரிய கம்பெனி மைக் ஏதாவது இருந்தா அதுக்கு மட்டும் ஒரிஜினல் கிளிப் வாங்கிடு. ஷூர் டபிள்யூஎல்185 மைக்குக்கு ஆர்கே183டி1 (RK183T1)னு கிளிப்புக்கு தனி பார்ட் நம்பரே இருக்கு, அந்த நம்பரைச் சொல்லி டீலர்கிட்ட ஆர்டர் கொடுக்கலாம். அந்த மைக் ஒரு பக்கம் மட்டும் கேக்குற வகை, மோதிரம் கோணலா இருந்தா சத்தம் குறையும், விசிலும் அடிக்கும்.

கேள்வி: சார், நான் தமிழ் எம்ஏ ரெண்டாம் வருஷம். ப்ராஜெக்டுக்காக ஊர் ஊரா போய் ஒப்பாரி, ஏத்தப்பாட்டு பாடுற பெரியவங்களை ரெக்கார்ட் பண்றேன். கிளிப் உடைஞ்சதால காந்தக் கிளிப் வாங்கலாம்னு இருக்கேன், ஏன்னா பாதி தாத்தாங்க சட்டையே போடுறதில்ல, துண்டுதான். காந்தம் சரி வருமா?
— மாணவி, பாளையங்கோட்டை

பதில்: வேண்டாம்மா. உன் வேலைக்கு காந்தம் மட்டும் வேண்டாம். இதயத்துல பேஸ்மேக்கர் வச்சவங்க நெஞ்சுக்கிட்ட காந்தம் போகக்கூடாது, ஆறு அங்குலமாவது தள்ளி இருக்கணும்னு சொல்றாங்க, இதோ நீ மாட்டப்போறது அந்த நெஞ்சு மேலயேதான். வயசானவங்க பல பேர் அதைப்பத்தி தானா சொல்ல மாட்டாங்க, 'நெஞ்சுல ஒரு மெஷின் வச்சிருக்காங்க'ன்னு பாட்டு முடிஞ்சு போற நேரத்துல பேச்சுவாக்குல வரும். வேற வயசு ஆளுங்களுக்கு டீ-ஷர்ட்ல மாட்ட காந்தக் கிளிப் அருமையான சாமான், அப்பவும் கேட்டுட்டுதான் மாட்டணும்.

தாத்தாவுக்கு துண்டுல மாட்டாத, பாட்டுல கை வீசும்போது துண்டு தோள்ல இருந்து சரியும், மைக்கும் கூடவே போகும், நல்ல இடத்துல பாட்டு அறுந்துடும். காலேஜ் ஐடி கார்டு கோக்குற துணி நாடா இருக்கே, அதை அவர் கழுத்துல மாலை மாதிரி போட்டு, தாடையில இருந்து ஒரு சாண் கீழ வர்ற மாதிரி நாடாவை முடிச்சு போட்டு சுருக்கி, அந்த முடிச்சுல சாதாரண கிளிப்பை மாட்டிடு. நாடாவோட இரும்பு கொக்கியை முதல்ல வெட்டி எடுத்துடு, அது கிளிப்புல இடிச்சா டங்கு டங்குன்னு பதிவாகும். சட்டை இருக்கோ இல்லையோ இது நிக்கும், பாட்டிங்களுக்கும் இதே நாடாதான் நல்லது, புடவையில கை வைக்கவே தேவையில்ல, அவங்களே போட்டுப்பாங்க, கூச்சமும் இல்ல.

ஒப்பாரி பாடும்போது நெஞ்சுல அடிச்சுக்குவாங்க, அது உனக்குத் தெரியும். அப்ப மைக்கை நெஞ்சுல வச்சா ஒவ்வொரு அடியும் இடி மாதிரி விழும், பாட்டு கெட்டுடும். அவங்களுக்கு மட்டும் கிளிப்பை ஒரு சின்ன குச்சியில மாட்டி, குச்சியை மண்ணு நிரப்புன சொம்புல நட்டு முன்னாடி வச்சிடு, முகத்துக்கு ஒரு முழம் தூரம். அவங்க பாட்டுக்கு பாடட்டும், அடிச்சுக்கட்டும், அழட்டும், எல்லாம் அது அது இருக்குற அளவுல பதிவாகும். அந்தப் பாட்டு தெரிஞ்சவங்க இன்னைக்கு எத்தனை பேர் இருக்காங்க சொல்லு, ஒரு தடவை கெட்டுப்போனா திரும்ப பாடச் சொல்லிக் கேக்குற பாட்டா அது?

கேள்வி: சமையல் வீடியோ போடுறேன் அண்ணா. பட்டுப்புடவையில கிளிப் மாட்டுனா சரிகை இழுத்துடுது, மாட்டலன்னா மைக் நிக்கல. என்ன செய்ய?
— வாசகி, கும்பகோணம்

பதில்: புடவையில மாட்டாதம்மா, ரவிக்கை கழுத்து ஓரத்துல மாட்டு. கிளிப்போட ரெண்டு பல்லுக்கும் நடுவுல பழைய பனியன் துணியை நாலா மடிச்சு ஒரு பட்டன் அளவுக்கு வெட்டி வச்சுக்கோ, நூலும் இழுக்காது, வழுக்கவும் செய்யாது. தாலிச் சங்கிலி மைக்ல படாத மாதிரி சங்கிலியை ரவிக்கைக்குள்ள விட்டுக்கோ. முந்தானை மைக் மேல விழாம பின் குத்திக்கோ, பட்டு உரசுற சத்தம் எந்த ஆப்பாலயும் சுத்தமா எடுக்க வராது.

கேள்வி: ஒயர்லெஸ் மைக் வாங்குனேன், டப்பா மாதிரி சட்டையில மாட்டுறது. அதோட பின்னாடி ஒட்டியிருக்குற கிளிப்பே உடைஞ்சுடுச்சு. அதுக்கு கிளிப் தனியா கிடைக்குமா?
— வாசகர், ஓசூர்

பதில்: அந்த கிளிப் டப்பாவோட உடம்புலயே வார்த்தது, பெரும்பாலான மாடலுக்கு தனியா வராது. பசை போட்டு ஒட்டுனா ரெண்டு நாள்ல விடும். ஆனா டப்பா மேல 3.5 எம்எம் ஜாக் ஓட்டை இருக்கான்னு பாருங்க. இருந்தா டப்பாவை பாக்கெட்ல போட்டுட்டு ஒரு சாதாரண காலர் மைக்கை அதுல சொருகி மேல சொன்ன கிளிப்புல மாட்டிக்கலாம், சட்டையில கனமும் தொங்காது. சொருகுற முனையை மட்டும் கவனிங்க. போனுக்கு செஞ்ச மைக் முனையில மூணு கறுப்பு வளையம் இருக்கும், ஒயர்லெஸ் டப்பாவுக்கு பெரும்பாலும் ரெண்டு வளையம் உள்ள முனைதான் வேணும். மாத்திக் கொடுக்குற சின்ன அடாப்டர் தனியா விக்கிறாங்க, அது இல்லாம சொருகுனா சத்தம் வராது, இல்ல இரைச்சலா வரும், மைக் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுடுவீங்க.

கேள்வி: எங்க காலேஜ் லேப்ல 3டி பிரிண்டர் இருக்கு. கிளிப்பை அதுலயே பிரிண்ட் பண்ணிடலாமா?
— இன்ஜினியரிங் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: வளையத்தை மட்டும் பிரிண்ட் பண்ணு தம்பி, கடிக்கிற பகுதிக்கு ஐடி கார்டு கிளிப்பையே வச்சுக்கோ. பிரிண்ட் பண்ண ஸ்பிரிங் கொஞ்ச நாள்லயே அடுக்கு அடுக்கா பிளந்துடும். சாதாரணமா லேப்ல ஓடுற பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி பக்கத்துலயே இளகும், வெயில்ல நிறுத்துன கார் டேஷ்போர்டுல வச்சா வளையம் முட்டையா நீளும், முடிஞ்சா அதைவிட சூடு தாங்குற பிஇடிஜி பிளாஸ்டிக் போடு. உள் அளவை மைக்கைவிட 0.2 மில்லிமீட்டர் பெருசா வச்சு, ஒரு பக்கம் 2 மில்லிமீட்டர் திறந்து விடு. ரெண்டு மூணு அளவுல பிரிண்ட் எடுத்துப் பாத்துட்டு சரியா உக்காருறதை வச்சுக்கோ. அளவு சரியா வந்த ஃபைலை எனக்கும் அனுப்பு, காரைக்குடி தம்பிக்கு கொடுக்குறேன்.